ஐயாத்துரைக்கு நான் வைத்த கிரீடம்

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வருவது கோபம் ஒன்றுதான். பெயர் வருவதில்லை. தகப்பனின் பெயரைப் பிள்ளை சுமக்கும், அந்தப் பிள்ளையின் பெயரை அதன் பிள்ளை சுமக்கும், பழைய பெயர் தானாகக் கழன்று போய்விடும். யாழ்ப்பாணத்தில் இது ஒருவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் இது எங்கள் வீட்டுக்குள் புகுந்து ஆளையாள் பார்க்க முடியாமல் செய்தது.

அண்ணா யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். அவனுடைய கடைசிப் பெயர் பரமலிங்கம். அது எங்கள் அப்பாவின் பெயர். நான் ஸ்காபரோவில் பிறந்தவள். என்னுடைய கடைசிப் பெயர் ஐயாத்துரை. அது அப்பாவின் அப்பாவுடைய பெயர். ஒரே தாய் தகப்பன், ஒரே சோற்றுப் பானை, பள்ளிக்கூடத்தில் மட்டும் நாங்கள் வேறு வேறு குடும்பம். அம்மாவும் கல்யாணத்தோடு பரமலிங்கம் ஆகிவிட்டாள். ஆக, வீட்டில் ஐயாத்துரை என்ற பெயரோடு திரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவின் கனடாக் கடதாசிகளிலும் கடைசியில் ஐயாத்துரை என்றுதான் இருந்தது. ஆனால் அதை அவர் தன் பெயர் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் மாமா, அம்மாவின் தம்பி. நான் பிறந்தபோது அப்பா பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அப்போது ஆங்கிலம் வராது. மாமாவுக்கு வரும், அல்லது வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். இந்த நாட்டில் தகப்பனின் கடைசிப் பெயர்தான் பிள்ளைக்கும் போகும், ஆகவே அப்படித்தான் செய்யவேண்டும் என்று தானே முடிவெடுத்து, ஆஸ்பத்திரிக் கடதாசியில் தானே எழுதிக் கொடுத்து, தானே பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கும்வரை அப்பா அவரோடு ஒரு சொல் பேசவில்லையாம். பிறகு என்ன நடந்ததோ, மாமா எங்கள் பேஸ்மென்றுக்கே குடிவந்துவிட்டார். எங்கள் ஆட்கள் அப்படித்தான். பேச்சுவார்த்தை இல்லாத ஆளுக்கும் இடம் கொடுப்பார்கள்.

அப்பாவை யாராவது 'மிஸ்டர் ஐயாத்துரை' என்று கூப்பிட்டால் அவருடைய முகம் மாறிவிடும். வங்கியில் கூப்பிட்டால் திருத்துவார். பல் வைத்தியரிடம் கூப்பிட்டால், திருத்தும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டார். கம்பளம் கழுவித் தருகிறோம் என்று யாராவது தொலைபேசியில் அந்தப் பெயரைக் கேட்டால், அப்படி ஓர் ஆள் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லி அடித்து வைப்பார். ஆனால் என்னுடைய பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் மட்டும், ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "யெஸ். மிஸ்டர் ஐயாத்துரை ஸ்பீக்கிங்" என்பார். வெள்ளைக்கார ரீச்சர்மாருக்குப் பயம் என்று நான் நினைத்தேன். ஊரெல்லாம் புலி, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பூனை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் ஆசிரியைக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன பொருள் என்று விசாரித்து, படம் கீறி எழுதிக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒரு பின்னேரம் பெற்றோரை அழைத்து எல்லாவற்றையும் சுவரில் காட்டுவார்கள். அந்த ஆசிரியை நல்லவர். ஆனால் இந்த நாட்டில் நல்லவர்களுக்கு ஒரு குறை உண்டு. எல்லாருடைய குடும்பக் கதையும் அழகாக இருக்கும், சுவரில் ஒட்டலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் சீனப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும். என் பக்கத்து இருக்கை மின்ஜி. கொரியாக்காரி, என் உயிர்த்தோழி. அவளுடைய குடும்பப்பெயர் ஹொ. எதிரே இருந்தவன் ஹொங்கொங்கிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், ஹுய். இருவரும் தங்கள் பெயரைப் பழைய சீன எழுத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னபோது, ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே எழுத்தை எழுதினார்கள். கொரியாவில் ஹொ, அவனுடைய ஊரில் ஹுய், எழுத்து ஒன்று. அனுமதித்தல் என்று அதற்குப் பொருளாம். ஆசிரியை கையைத் தட்டினார். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் அண்ணன் தங்கை போல ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். எனக்கோ வீட்டில் சொந்த அண்ணா இருந்தான், எங்கள் இருவரின் பெயரிலும் ஓர் எழுத்து ஒட்டவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. வாங் என்றால் அரசன். லின் என்றால் காடு. இரண்டு மரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் கீறினால் அந்த எழுத்து வந்துவிடும். கிம் என்றால் பொன். மின்ஜியின் அம்மா பார்க்; அவர்களுடைய முதல் அரசன் சுரைக்காய் போன்ற முட்டையிலிருந்து பிறந்தவனாம், அதனால் சுரைக்காயின் பெயராம். கொரியாவில் கல்யாணம் கட்டினாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை என்று மின்ஜி சொன்னபோதுதான் அவளுடைய அம்மா ஏன் இன்னும் பார்க் என்று விளங்கியது. ஹுய் என்ற பையனின் கதை வேறு. வெகுகாலத்துக்கு முன்னால் அந்தப் பெயரில் ஒரு சின்ன நாடு இருந்ததாம். பெரிய நாடுகள் அதை அங்குமிங்கும் துரத்திக் கடைசியில் விழுங்கிவிட்டன. நாடு போன பிறகு அந்தச் சனங்கள் நாட்டின் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்களாம். இதை நான் வீட்டில் வந்து சொன்னேன். "உந்த யோசனை எங்கடை ஆக்களுக்கு வரேல்லையே" என்றார் மாமா.

மின்ஜியின் கதைதான் எல்லாவற்றிலும் பெரிது. தூர தேசத்து இளவரசி ஒருத்தி சிவப்புப் பாய் கட்டிய கப்பலில் வந்து கொரிய அரசன் ஒருவனை மணந்தாள். அவளுக்குப் பத்துப் பிள்ளைகள். வந்த நாட்டில் தன் பெயர் அழிந்துபோகக் கூடாது என்று அவள் அரசனிடம் கேட்டாள். அரசன் இரண்டு மகன்மாருக்கு அவளுடைய பெயரைக் கொடுத்தான். அந்த இருவரின் வழியில் வந்தவர்கள்தான் ஹொ. மற்றவர்கள் கிம். பெயர் வேறானாலும் இரத்தம் ஒன்று என்று அந்த இரண்டு கூட்டமும் வெகுகாலம் தங்களுக்குள் கல்யாணம் செய்யவில்லையாம்.

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் நான் வெறுங்கையோடு நிற்பதா? பேஸ்மென்றுக்கு இறங்கினேன்.

"மாமா, ஐயாத்துரை எண்டால் என்ன கருத்து?"

மாமா மீசையைத் தடவினார். "ஐயா எண்டாலும் பெரிய மனிசன், துரை எண்டாலும் பெரிய மனிசன். உவன் வாங்கின்ரை பேரிலை ஒரு ராசாதானே? உன்ரை பேரிலை ரெண்டு ராசா இருக்கினம். போய் எழுது."

"அம்மப்பா படம் இருக்கு. அப்பப்பான்ரை படம் ஏன் இல்லை?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இல்லையெண்டால் இல்லைத்தான். நீயே ஒரு ராசாவைக் கீறு. கொப்பாவுக்கு இப்ப காட்டாதை, சர்ப்பிரைசா இருக்கட்டும்."

பார்த்தறியாத ஒருவரை எப்படிக் கீறுவது? அப்பா வேலையால் வந்து சோபாவில் படுத்திருந்தார். நான் நிலத்தில் இருந்துகொண்டு அவரைப் பார்த்துப் பார்த்துக் கீறினேன். அடர்த்தியான புருவம், தடித்த மீசை, இடது கன்னத்து மச்சம். தலையில் ஒரு கிரீடம் வைத்து, மஞ்சள் நிறம் தீட்டி, சிவப்புக் கல்லும் பதித்தேன். கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் கொட்டை எழுத்தில் ஐயாத்துரை என்று எழுதினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் ஒரு படத்துக்கு நான் அவ்வளவு பாடுபட்டதில்லை.

அந்தப் பின்னேரம் அம்மாவுக்கு வேலை. அப்பா நேரே வெயர்ஹவுஸிலிருந்து, இரும்பு வைத்த சப்பாத்தோடு வந்தார். மாமா இஸ்திரி போட்ட சட்டையும், கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸ் பெட்டியுமாக வந்தார். வகுப்பறை நிறையச் சனம். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, மாமா பாதி வழியில் மின்ஜியின் சுவரருகே நின்றுவிட்டார். சிவப்புப் பாய்க் கப்பலைக் கண்டதும் அவருக்கு வேகம் வந்துவிட்டது. அந்த இளவரசி தமிழ்ப் பெண்தான் என்று எங்கேயோ வாசித்திருக்கிறார். வாசித்ததை விடுகிற ஆளா? மின்ஜியின் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கியபடி, உங்கள் ராணி எங்கள் பெண், ஆகவே நீங்கள் எங்களுக்குச் சொந்தம் என்று தன் ஆங்கிலத்தில் முழங்கிக்கொண்டிருந்தார். பாவம் அந்த மனிதர், ஒரு கையில் ரோல்ஸை வைத்துக்கொண்டு, மறு கையைத் திருப்பி எடுக்கத் தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

நான் அப்பாவை என் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

அவர் முதலில் சிரித்தார். அதை நான் கண்டேன், கற்பனை இல்லை. தன் முகத்தைத் தானே அடையாளம் கண்டு, மச்சத்தைக் கண்டு, வாயோரம் சிரிப்பு வந்தது. பிறகு கண் கீழே இறங்கிப் பெயரை வாசித்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோக, அவர் கையை நீட்டி, படத்தின் மேல் ஓரத்தைப் பிடித்து, ஒரே இழுவையில் கிழித்தார். கிரீடம் அவர் கையிலும் பெயர் சுவரிலுமாக நின்றது. பெயரையும் உரித்தெடுத்து, எல்லாவற்றையும் கசக்கினார்.

அறை அடங்கிப்போனது. மாமா மட்டும் ஒரு கணம் பிந்தி, ராணியின் கப்பல் எந்தக் கரையிலிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்லி முடித்தார். ஆசிரியை பதறிக்கொண்டு ஓடிவந்தார். அப்பா அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று சொன்னார். இது எங்கள் பெயர் இல்லை.

"அது என் பெயர்!" என்று நானும் ஆங்கிலத்தில் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் பெயர் இல்லையென்றால் நான் யார்? அண்ணாவுக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கும் கொடுத்திருக்கிறார். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. கிடைத்த பெயரை வைத்துக்கொண்டு, அதற்குக் கிரீடமும் வைத்து, நானாக ஒரு பெருமையைத் தேடிக்கொண்டால் அதையும் ஊருக்கு முன்னால் கிழிக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. அவரைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

காரில் மாமா "அத்தான்..." என்று வாயெடுத்தார்.

"நீ ஒண்டும் கதையாதை" என்றார் அப்பா. "எப்பவோ கப்பலேறிப் போனவளைச் சொந்தம் கொண்டாடிறாய். உன்ரை கண்ணுக்கு முன்னாலை நடந்தது மட்டும் உனக்கு மறந்துபோச்சு."

மாமா காரை ஓட்டினார். நான் பின் இருக்கையில் கண்ணாடியைக் குத்திக்கொண்டு வந்தேன். கை நோகுது, விடு என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் மின்ஜி என்னைத் தேற்றப் பார்த்தாள். தன் கதையிலும் ஒரே தாயின் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருந்ததே, அவர்கள் சகோதரர்கள் இல்லையா என்றாள். அவள் சொன்னது நல்ல எண்ணத்தோடுதான். நான் அவளிலும் பாய்ந்தேன். அது ராணி கேட்டு வாங்கின பெயர், என்னை யார் கேட்டது என்றேன். அந்த ஆண்டு முடியும்வரை என் கொப்பிகளில் முதல் பெயரை மட்டும் எழுதினேன். என் இடம் சுவரில் வெறுமையாகவே கிடந்தது, அதன் இரண்டு பக்கமும் பொன்னும் காடும் அரசர்களும்.

அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. வீட்டில் ஒருவருமே சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன விளங்கப்போகிறது என்பது எங்கள் ஆட்களுடைய பெரிய சாட்டு. அந்தச் சாட்டோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு விளங்காததெல்லாம் கோபமாகத்தான் சேருகிறது.

எல்லாம் தெரியவந்தது என் கல்யாணத்துக்குச் சற்று முன்னால். கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுவதா விடுவதா என்று பேச்சு வந்தது. கட்டப்போகிறவரின் கடைசிப் பெயரும் அவருடைய அப்பப்பாவின் பெயர்தான். ஒரு கிழவனை விட்டு இன்னொரு கிழவனிடம் போவதில் என்ன வந்துவிடப் போகிறது, இந்த ஐயாத்துரையைத் தொலைத்தால் அப்பாவுக்கும் சந்தோசமாக இருக்கும் என்று நான் அடுப்படியில் நின்று சீறினேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

ஐயாத்துரை கொழும்பில் கடை வைக்கப் போனவராம். போன இடத்தில் வேறொருத்தியோடு குடும்பமாகி, ஊரில் மனைவியையும் பிள்ளைகளையும் அப்படியே விட்டுவிட்டார். மூத்தவர் என் அப்பா. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் இறைக்கப் போனார். தாய் நோயில் கிடந்தபோது தகப்பனைத் தேடிக் கொழும்புக்குப் போன பொடியனை, ஐயாத்துரை கடை வாசலில் வைத்தே, நீ யார் என்று கேட்டாராம். அப்போது அவனோடு துணைக்குப் போயிருந்தது பக்கத்து வீட்டுப் பொடியனான என் மாமா. அந்த மாமாதான் பிறகு ஆஸ்பத்திரியில் நின்று அந்தப் பெயரை எனக்குக் கொடுத்தவர். நாட்டு வழக்கமாம். என் கையில் கத்தி இல்லாமல் அம்மாவின் கையில் இருந்தது நல்லது.

"அந்தாள் செத்த செய்தி வரேக்கை கொப்பா சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போட்டார்" என்றாள் அம்மா. "நீ அந்தாளின்ரை பேரைப் போட்டு இவற்ரை முகத்தைக் கீறியிருக்கிறாய். வேறை என்ன செய்வார்?"

"அப்ப ஏன் என்ரை ஸ்கூலுக்கு மட்டும் அந்தப் பேரைச் சொன்னவர்? அவையளுக்குப் பயமோ?"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உனக்கு நினைவில்லை. நீ அப்ப சின்னப் பிள்ளை, பள்ளிக்கூடம் தொடங்கின புதுசு. காய்ச்சல் எண்டு கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் போன் எடுத்தவை. நீ கண்ணாடிக்கு அங்காலை இருந்து 'அப்பா, அப்பா' எண்டு அழுறாய். இந்த மனிசன் இஞ்சாலை நிண்டு, நான் பரமலிங்கம், நான்தான் தகப்பன் எண்டு கத்திறார். அப்பிடி ஒரு பேர் இஞ்சை இல்லை, விடமாட்டன் எண்டிட்டாள் ஒஃபீசிலை இருந்தவள். கடைசியா லைசென்ஸை எடுத்துக் காட்டி, ஓம், நான் ஐயாத்துரைதான் எண்டு சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தவள். அதுக்குப் பிறகு உன்ரை விசயத்திலை அவர் அந்தப் பேரைத் திருத்தினதே இல்லை."

படத்தைக் கிழித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் காரணம் இருந்தாலும் ஒரு பிள்ளையின் படத்தை ஊர் பார்க்கக் கிழிக்கக் கூடாது. ஆனால் பெயரை நான் மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

படம் கிழிந்த அந்தப் பின்னேரத்துக்கு ஒரு கிழமை கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா எழும்பிப் போய் ரேடியோவைக் குறைத்தார், தொண்டையைச் செருமினார். "யெஸ். மிஸ்டர் ஐயாத்துரை ஸ்பீக்கிங்" என்றார். பொய்க்காரர், பயந்தாங்கொள்ளி என்று அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு, நான் என் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.